கண் பார்த்ததும் கை இழுத்தால் மீன் போச்சு

டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் லேக் ஃபோர்க். ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் அதிகாலை மூன்றரைக்கே கிளம்பிவிட்டோம், நானும் அலுவலக நண்பர் ஒருவரும். "மீன் வேணும்னா கடையில வாங்கலாமே" என்று முந்தின நாள் ராத்திரி மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, இட்லிப் பொட்டலத்தோடு நழுவினேன்.

பேர்தான் லேக், உண்மையில் அணைக்கட்டு நீர்த்தேக்கம். சபீன் ஆற்றில் சேரும் ஓர் ஓடையை மறித்து 1980-ல் கட்டி முடித்தது, சுமார் 27,000 ஏக்கர். உள்ளே இருந்த மரங்களில் நிறைய வெட்டப்படாமலே முங்கிப்போனதால் இன்றும் தண்ணீருக்கு நடுவே பட்ட மரங்கள் எலும்பாக நிற்கின்றன, இருட்டில் படகு ஓட்டுகிறவனுக்கு வயிற்றைக் கலக்கும், நாங்கள் தூண்டில் போட வந்த பாஸ் என்கிற நன்னீர் மீனுக்கு அதுதான் வீடு. டெக்சாஸிலேயே பெரிய பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இங்கேதான் மாட்டியது. பிடித்தவர் பாஸுக்கே போகவில்லை, கிராப்பி என்கிற சின்ன மீனுக்காக உயிர் மீனைக் கோத்துப் போட்டிருந்தார். பெட்டி பெட்டியாக லூர், அதாவது செயற்கை இரை, வாங்கி வைத்திருக்கும் நான் இதை அதிகம் யோசிப்பதில்லை.

நாங்கள் போனது டாப்வாட்டருக்கு, அதாவது மிதக்கிற லூரை வைத்து மீனை மேலே வரவழைத்து அடிக்க விடுவது. வெளிச்சம் மங்கலாக இருக்கும்போதுதான் இது நன்றாக எடுபடும். ஸ்பூக் என்கிற சுருட்டு வடிவ லூரைத் தூர வீசி, தூண்டில் கழியின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, வெடுக் வெடுக்கென்று சின்னச் சின்னதாகச் சுண்ட வேண்டும், ஒவ்வொரு சுண்டலுக்கும் நடுவில் தூண்டில் நரம்பைத் தளர விட வேண்டும். அந்தத் தளர்ச்சியில்தான் லூர் இடதும் வலதுமாகத் தலையை ஆட்டிக்கொண்டு வரும். விறைப்பாகவே இழுத்தால் நேராக வரும் குச்சி, அவ்வளவுதான். நரம்பு பின்னல் நூலாகவோ சாதாரண நைலானாகவோ இருக்கட்டும், ஃபுளூரோகார்பன் நரம்பு என்றால் தண்ணீரில் முங்கி லூரின் மூக்கையும் சேர்த்து இழுத்துவிடும்.

ஆறு மணி வாக்கில், பாசி ஓரமாக லூர் வந்துகொண்டிருந்தபோது, தண்ணீருக்குள் யாரோ செங்கல்லைப் போட்ட மாதிரி ஒரு சத்தம். நுரை பறந்தது. நான் உயிர் போகிற வேகத்தில் இழுத்தேன். மீன் இல்லை, லூர் மட்டும் மூன்று கொக்கிகளோடு பறந்து வந்து என் தொப்பியில் மாட்டியது. கொஞ்சம் கீழே வந்திருந்தால் கண். கறுப்புக் கண்ணாடி சும்மா ஸ்டைலுக்கு இல்லை என்று அன்றுதான் உறைத்தது.

ஊரில் குளத்தங்கரையில் சித்தப்பா இதைத்தான் அப்போதே சொன்னார். விராலுக்குத் தவளையைக் கோத்து அல்லி இலை மேல் தத்தித் தத்தி வர விடுவார், அடி விழுந்ததும் நான் குதிப்பேன், "வாங்கிட்டுத் திரும்பட்டும்டா" என்பார். இங்கே தவளை ரப்பர், மீன் வேறு, கணக்கு அதேதான். சத்தத்துக்கு இழுக்கக் கூடாது, கையில் கனம் தெரிய வேண்டும். தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் கை கேட்காது. இன்னும் இரண்டு மீனை அப்படியே கோட்டை விட்டேன்.

நான்காவதற்கு ரப்பர் தவளையைப் போட்டு, அடி விழுந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணினேன். நரம்பு மெல்ல பக்கவாட்டில் நகர்ந்தது. அப்புறம் இழுத்தேன். பாசிக்குள் புகுந்து, வெளியே எகிறி, வாயை விரித்துத் தலையை உதறி, ஒருவழியாகப் படகோரம் வந்தது. கீழுதட்டைக் கட்டைவிரலால் பற்றித் தூக்கினேன், உப்புத்தாள் போல ஒரு சொரசொரப்பு. அளந்தால் 19 அங்குலம்.

இந்த ஏரியில் 16-லிருந்து 24 அங்குலம் வரையுள்ள பாஸைத் திருப்பி விட்டே ஆக வேண்டும். விட்டேன், வாலால் ஒரு அடி, என் முகமெல்லாம் தண்ணீர். எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் மேல்தண்ணீர் செத்துவிட்டது, நண்பர் ரப்பர் புழுவுக்கு மாறி ஆழத்தில் நாலு பிடித்தார், நான் வீம்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் தவளையையே வீசிக்கொண்டிருந்தேன்.

"சின்ன மீனை விடுவாங்க, தெரியும். பெருசையும் விடணுமா?" என்றாள் மனைவி. தோல் உரிந்த கட்டைவிரலைக் காட்டினேன்.