பதினோராவது நஸர் மணியும் போச்சு

நஸர் என்றால் திருஷ்டி படாமலிருக்கத் துருக்கியில் மாட்டும், கண் மாதிரியான நீலக் கண்ணாடி மணி. நேற்று சூளையிலிருந்து எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. மேசையில் வைத்துவிட்டு டீ போடப் போனேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். வந்து பார்த்தால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே மயிரிழையாக ஒரு வளையம். துருக்கியில் நஸர் போன்ஜுக் உடைந்தால், வரவிருந்த திருஷ்டியை அது வாங்கிக்கொண்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்று மாட்டிவிடுவார்கள். என் மணி உடைந்ததற்குக் காரணம் என் கஞ்சத்தனம்.

இஸ்மீர் பக்கம் கொரெஜெயிலும் நஸர்கோயிலும் பைன் விறகு எரியும் மண் சூளையில் உடைந்த பாட்டில்களை உருக்கி மணி செய்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நானும் ஒரு நீல பாட்டிலை உடைத்து அடிவட்டம் செய்தேன். மேலே வைக்கும் புள்ளிகளுக்கு மட்டும் முரானோ என்கிற இத்தாலியக் கண்ணாடிக் கம்பி. ஏழாவது மணி வரை சூளையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். முரானோ கம்பியின் விரிவு எண், அதாவது சூட்டில் எவ்வளவு விரியும் என்ற கணக்கு, 104, பாட்டில் கண்ணாடிக்கு 90-ஐ ஒட்டி. ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது அந்த அளவு சுருங்காது. அங்கே உஸ்தாக்கள், அதாவது கைதேர்ந்த கைவினைஞர்கள், எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிக் கண்ணாடியிலிருந்தே எடுக்கிறார்கள். கோபால்ட் சேர்த்தால் கருநீலம், செம்பு சேர்த்தால் வெளிர்நீலம். இது மண்டையில் ஏறப் பதினொரு மணிகள் தேவைப்பட்டன.

சரி, பன்னிரண்டாவது முழுக்க முரானோ. இப்போது தகராறு புள்ளியில். வெள்ளையை வைத்ததும் அவசரப்பட்டு அடுத்ததை வைத்தால் ஓரத்தில் காற்று சிக்கும், பிறகு குமிழி. வெள்ளை முழுக்கப் படியும் வரை பொறுக்க வேண்டும். கம்பி நுனி சொட்டாமல், உருண்டையாகத் தளும்பும்போது தொட்டு, இழுபடும் நூலைத் தீயில் அறுக்க வேண்டும். அந்த நூல்தான் என் சனியன்: அரை நொடி தாமதித்தால் வால் விழுந்து, கண் கண்ணீர்த் துளியாகிவிடும். வெளிர்நீலத்துக்கு இன்னொரு குணம். டார்ச்சில் ஆக்சிஜன் குறைந்தால் செம்பு கோபித்துக்கொண்டு செங்கல் நிறத்தில் ஒரு படலம் போர்த்திக்கொள்ளும். அதனால் தீயின் நுனியிலேயே, தூரத்தில் வைத்துக் காட்டுகிறேன். கொரெஜெ உஸ்தா இரண்டு இரும்புக் கம்பிகளை வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே ஒரு நிமிடத்துக்குள் முடித்தார். பொறாமையாக இருக்கிறது.

கம்பி அனுப்பிய கடைக்காரர் வெள்ளையில் பாதியைத் தந்தம் நிறத்தில் அனுப்பிவிட்டார். திருப்பி அனுப்பும் செலவு கம்பி விலையைவிட அதிகம். தந்தத்தின் மேல் வெளிர்நீலம் வைத்தால் ஓரத்தில் கறுப்புக் கோடு ஓடும், தெரியுமல்லவா? அதையே வைத்துப் பழசான மாதிரி மணி செய்து பார்க்கலாம் என்று ஒரு யோசனை. அப்புறம் உஸெர்லிக் என்ற செடியின் காய்ந்த காய்களை நூலில் கோத்து, துணித்துண்டு கட்டித் தொங்கவிடும் அனடோலிய அலங்காரமும் பட்டியலில் இருக்கிறது. குர்ஷுன் தொக்மெ, அதாவது தலைக்கு மேல் துணி பிடித்து உருக்கிய ஈயத்தைத் தண்ணீரில் ஊற்றும் சடங்கு, அதற்கு மட்டும் நான் வரமாட்டேன். ஈயப் புகை ஆகாது.

இத்தனை அவசரம் எதற்கென்றால், இஸ்மீர் தோழிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நாற்பது நாள் முடிவதற்குள் சட்டைத் தோளில் ஊக்கு போட்டு மாட்ட வேண்டும். ஒன்பது நாள்தான் பாக்கி. பன்னிரண்டாவது இப்போது சூளையில், 510 டிகிரியில். கருவிழி கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி மாறுகண்ணாகிவிட்டது. விரிசல் விடாவிட்டால் அதையே அனுப்பப்போகிறேன்.