எட்டரை அங்குல இரும்பும் ஆறு அங்குல இரும்பும்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணி. யாழ்ப்பாணத்து இணுவிலில் என் லேத் பட்டறைக் கதவை அப்போதுதான் திறந்திருந்தேன். அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் வந்தான். ஹூஸ்ரனில் அவனுக்கு ஞாயிறு இரவு ஒன்பது.

"மாமா, பெரிசு எடுக்கிறதோ, சின்னன் எடுக்கிறதோ?"

கார் என்றுதான் நினைத்தேன். "பெற்றோல் விலையைப் பாத்துச் சின்னனையே எடு" என்று சொல்லிவிட்டு மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவன் சிரித்துவிட்டு இரண்டு படம் அனுப்பினான். இரண்டும் கைத்துவக்கு. 1911 என்று ஆண்டின் பெயராலேயே அழைக்கப்படும் அந்தப் பழைய அமெரிக்க பிஸ்டலின் முழு அளவு ஒன்று, குறுக்கியது ஒன்று.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். நான் வாழ்நாளில் ஒரு ரவைகூடச் சுட்டதில்லை. 1968இல் இந்த ஊரில் பிறந்தவனுக்குத் துவக்கைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தெரிய வேண்டாத பக்கத்திலிருந்து தெரிந்ததுதான். ஆனால் இரும்பு, ஸ்பிரிங், ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி ஓடும் பாகம் என்று வந்தால் முப்பது வருடமாக அதுதான் சோறு. பொடியனுக்கும் அது தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டான். தாயிடம் கேட்கவில்லை என்பதையும் கவனித்துக்கொண்டேன்.

அங்கே சட்டம் வேறு மாதிரி. ரெக்சாஸில் 2021 செப்ரெம்பரிலிருந்து 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாத ஒருவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே இடுப்பில் பிஸ்டல் வைத்துக்கொண்டு திரியலாம். இங்கே இன்னமும் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம்தான் அடிப்படை. பன்றி வந்து பயிரைக் கிளறுகிறது என்று வன்னியில் ஒருவர் சொட்கன் வைத்திருந்தால்கூட வருடா வருடம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும்.

சரி, பிஸ்டலுக்கு வருவோம். அதைச் செய்தவர் ஜோன் மோசஸ் பிரௌனிங். அமெரிக்க இராணுவம் 1911 மார்ச்சில் அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் நடந்த சோதனையில் 6,000 ரவை சுட்டும் அது இடறவில்லை என்பது பதிவு. குழல் 5 அங்குலம், மொத்த நீளம் எட்டரை அங்குலம், வெறும் எடை ஏறத்தாழ 1,100 கிராம். ரவைக்கூட்டில் ஏழு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இராணுவம் அதிகாரிகளுக்கு எடை குறைந்த ஒன்று கேட்க, கோல்ற் கொம்பனி குழலை நாலேகால் அங்குலமாக்கி, பிடியோடு சேர்ந்த உடற்பாகத்தை அலுமினியக் கலவையில் செய்து 'கொமாண்டர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது 765 கிராம் அளவு. இராணுவம் அதை எடுக்கவில்லை, கடைச் சனம் எடுத்தது. 1985இல் 'ஒபிசர்ஸ்' வந்தது. மூன்றரை அங்குலக் குழல், பிடியும் குட்டை, ரவை ஆறு. அதே வருடம்தான் அமெரிக்க இராணுவம் பழைய 1911ஐக் கைவிட்டு இத்தாலியப் பெரெற்றாவுக்கு மாறியது. பிறகு மூன்று அங்குலத்திலும் வந்துவிட்டது.

எண்களை வாசித்தால் எனக்கு ஒன்றும் விளங்காது. கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். பட்டறையில் ஒரு அங்குலச் சதுரக் கம்பி கிடந்தது. எட்டரை அங்குலம் அளந்து வெட்டிப் பக்கத்துக் கடைத் தராசில் வைத்தேன். 1,095 கிராம்! நீளமும் அதேதான், எடையும் கிட்டத்தட்ட அதேதான். இதைக் கண்டதும் எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தைக் கடைக்காரருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. பிறகு கொமாண்டரின் எடைக்கு இன்னொரு துண்டு. ஆறு அங்குலத்தில் 770 கிராம் வந்தது. இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வித்தியாசம் முந்நூறு சொச்சம் கிராம், ஒரு பெரிய மாம்பழம் அளவு. தூக்கிப் பிடிக்கும்போது பெரிதாகத் தெரியவில்லை. அரை மணி நேரம் சட்டைப்பையில் கிடந்தால் தெரியும்.

இடுப்பில் எப்படி இருக்கும் என்று பார்க்கப் பெரிய துண்டைச் சாரத்தில் செருகிக்கொண்டு சைக்கிளில் சந்திவரை போனேன். பெல்ற் இல்லாத சாரம். சந்தி வரைக்கும் போய்ச் சேரவில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். வீட்டுக்காரி சொன்னது: "இஞ்சாருங்கோ, இரும்பை இடுப்பில செருகிக்கொண்டு றோட்டில போனா ஆரும் என்ன நினைப்பினம்? உங்களுக்கு வயசு போகப் போக..." மிச்சத்தை எழுதவில்லை.

அங்கே நல்ல தடித்த தோல் பெல்ற்றும் உறையும் இருக்கும் என்று மருமகன் சொன்னான். இருக்கட்டும். ஏழு ரவை போட்டால் இன்னும் 150 கிராம் ஏறும் என்பதையும் நினைத்துக்கொள் என்றேன்.

எடையைக் குறைப்பது நல்லதுதானே என்று அவன் கேட்டான். இந்த இடத்தில்தான் எனக்கு அப்புவின் துலா ஞாபகம் வந்தது.

நான் சின்னப் பொடியனாக இருந்தபோது எங்கள் வளவுக் கிணற்றில் துலா இருந்தது: ஆடுகாலில் தாங்கி ஏறி இறங்கும் நீண்ட மரம், நுனியில் வாளிக் கொடி, அடியில் பாரத்துக்குக் கல். ஒரு மாரிக்குள் துலாவின் நுனி வெடித்துவிட்டது. புது மரம் வாங்கக் காசு இல்லை. அப்பு வெடித்த இரண்டு முழத்தை வெட்டி எறிந்துவிட்டுக் கொடியை மறுபடி கட்டினார். பார்க்க அழகாக, கைக்கடக்கமாக இருந்தது. ஆனால் வாளி தண்ணீரைத் தொடவில்லை. முன்பக்கம் குட்டையானதால் அது ஆடும் தூரம் குறைந்துவிட்டது. கொடியை நீட்டினார். வாளி தண்ணீருக்குள் போனது, ஆனால் நிரம்பின வாளி கட்டுக்கு மேலே வரவில்லை. அதோடு அடியில் கட்டியிருந்த கல் இப்போது மிஞ்சின பாரம். வெறும் வாளியைக் கீழே இறக்கவே தொங்க வேண்டியிருந்தது. கல்லைக் குறைத்தால் தூக்குவது பாடு. ஒரு கிழமை முழுக்க அண்ணாவும் நானும் கல்லைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகத் திரிந்தோம். கடைசியில் அப்பு ஆடுகாலையே தள்ளி நட்டார்.

குறுக்கின பிஸ்டலிலும் இதே கதைதான். சுடும்போது குழலும் மேலே ஓடும் இரும்புக் கூடும் சேர்ந்து கொஞ்சம் பின்னுக்குப் போகின்றன. குழலின் அடியில் ஒரு சின்ன இணைப்பு வளையம் இருக்கிறது. அது குழலின் பின்பக்கத்தைக் கீழே இழுத்துப் பூட்டை விடுவிக்கும். கூடு மட்டும் தொடர்ந்து பின்னே போய், சுட்ட ரவையின் வெறும் கோதை வெளியே எறிந்து, ஸ்பிரிங்கை நசுக்கி, அந்த ஸ்பிரிங் தள்ள முன்னே வந்து அடுத்த ரவையை வழித்துக்கொண்டு போய்க் குழலில் ஏற்றும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள். பிரௌனிங் இதையெல்லாம் 5 அங்குலக் குழலுக்குத்தான் ஒத்து வரச் செய்தார்.

அதைக் குறுக்கினால் கூடு ஓடும் தூரம் குறையும். ஸ்பிரிங் இருக்க இடமும் குறையும், அதனால் இன்னும் விறைப்பான ஸ்பிரிங் போட வேண்டும், சில சின்ன மொடல்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. விறைப்பாக நசுங்கும் ஸ்பிரிங் சீக்கிரம் தளரும், அடிக்கடி மாற்ற வேண்டும். கூட்டின் எடையும் குறைந்துவிட்டதால் அது வேகமாகப் போய் வேகமாகத் திரும்பும். அதற்குள் ரவைக்கூட்டின் ஸ்பிரிங் அடுத்த ரவையை மேலே உயர்த்தி வைத்திருக்க வேண்டும். குழல் சரியும் கோணமும் கூடும். முழு அளவில் குழலின் வாயைப் பிடித்திருக்கும் வளையம் அந்தச் சரிவைத் தாங்காது. அதனால் மூன்று அங்குலக்காரர் அந்த வளையத்தையே எடுத்துவிட்டுக் குழலின் வாயைத் தடிப்பாகக் கடைந்து விடுகிறார்கள். ஒரு லேத்காரனுக்கு இது அழகான வேலை. ஆனால் ஒன்றை வெட்டப் போய் எத்தனையை மாற்றியிருக்கிறார்கள் பாருங்கள். ஆடுகாலைத் தள்ளி நட்ட கதைதான்.

உதை தனி விசயம். ரவையிலிருந்து பாயும் குண்டு மட்டும் அதே 15 கிராம். துவக்கின் எடை 1,100இலிருந்து 765க்கு இறங்கினால் கைக்கு வரும் உதை நாற்பது வீதத்துக்கு மேல் கூடும். இது பாடசாலைக் கணக்குத்தான்.

அடுத்த ஞாயிறு பொடியன் சுடும் திடலுக்குப் போய் இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டு வீடியோ அனுப்பினான். பெரியதில் ஓட்டைகள் ஒரு தேநீர்ச் சிரட்டை அளவுக்குள் விழுந்திருந்தன. மூன்று அங்குலத்தில் ஐந்தாவது ரவையோடு அது நின்றுவிட்டது. வெறும் கோது வெளியே பாயாமல் கூட்டின் வாயில் அகப்பட்டு, புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நின்றது. எந்தக் கொம்பனியின் துவக்கு என்பது இங்கே வேண்டாம், பிழையும் அதில் மட்டும் இல்லை. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அவன் மணிக்கட்டு தளர்ந்து, துவக்கு முழுவதும் கூட்டோடு சேர்ந்து பின்னே போகிறது. கை விட்டுக்கொடுத்தால் கூட்டுக்கு ஓட்டம் போதாது. பெரியது அந்தப் பிழையை மன்னித்துவிட்டது, சின்னது மன்னிக்கவில்லை. குட்டைப் பிடியில் அவனுடைய சின்னி விரலுக்கு இடமே இல்லாமல் அந்தரத்தில் ஆடியதையும் பார்த்தேன்.

"அப்ப நடுவில இருக்கிற நாலேகால் அங்குலம் எடுக்கட்டோ? ஒளிக்கவும் சுகம்தானே?"

இந்தக் கேள்விக்கு எனக்கு லேத் தேவைப்படவில்லை. எண்பதுகளில் இந்த ஊரில் பதினாறு பதினேழு வயதாக இருந்த எவனைக் கேட்டாலும் சொல்வான். அந்த நாளில் காற்சட்டைக்கு வெளியே சேட்டை விட்டுக்கொண்டு சைக்கிளில் ஒருவர் வருவார். நாங்கள் மதகில் குந்தியிருப்போம். அவர் கடந்து போனதும் எல்லோருடைய கண்ணும் அவருடைய முதுகுப்பக்கச் சேட்டுக்குத்தான் போகும். அங்கே ஒரு மூலை புடைத்திருந்தால் அவர் பெரிய ஆள், நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம். அந்த மூலை குழல் இல்லை. குழல் காற்சட்டைக்குள் தொடையோடு ஒட்டிக் கிடக்கும், அது 4 அங்குலமோ 5 அங்குலமோ ஒருவருக்கும் தெரியாது. காட்டிக் கொடுப்பது இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிடி. சைக்கிள் ஓட்ட முன்னுக்குக் குனியும்போது அதுதான் சேட்டைக் குத்தும்.

கொமாண்டரில் குறுக்கியது குழலை. பிடி பெரியதிலுள்ள அதே பிடி. எடைதான் குறையும், ஒளியாது. ஒளிக்க வேண்டுமென்றால் ஒபிசர்ஸ் மாதிரிப் பிடியைக் குறுக்கினதுதான் வேண்டும். பிடியைக் குறுக்கினால் சின்னி விரல் போச்சு, ஒரு ரவையும் போச்சு. ஹூஸ்ரனில் ஆடி ஆவணி வெயிலுக்கு எங்கள் ஊர் மாதிரியே மெல்லிய சேட்டுத்தான் போடுகிறான். அதற்குள் எதை ஒளிப்பது?

"சரி தம்பி, உண்மையைச் சொல்லு. உனக்கு ஏன் இது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. வேலை செய்யும் கடையை இரவு பதினொரு மணிக்குப் பூட்டுவதாகவும், கார் நிற்கும் இடம் வரை இருட்டு என்றும் சொன்னான். பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளோடு திடலுக்குப் போய்ச் சுடுவது பிடித்திருக்கிறது என்றான். இரண்டாவதைச் சொன்னபோதுதான் குரல் தெளிவாக இருந்தது. இருட்டுக்கு முதலாளியிடம் சொல்லி ஒரு லைற் போடச் சொல், ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரியதை எடு என்றேன். முழு இரும்பு, 5 அங்குலம். கைப்பழக்கம் இல்லாதவனுக்கு அந்த 1,100 கிராம்தான் வாத்தியார். சுமக்கிற நினைப்பை விட்டுவிட்டால் சின்னதுக்கு ஒரு காரணமும் மிஞ்சாது.

அக்கா அடுத்த நாளே எடுத்தா. "நீயும் சேந்தோடா பொடியனைக் கெடுக்கிறாய்? அந்தச் சாமானுக்குப் பயந்துதானே நாங்கள் இவனைத் தூக்கிக்கொண்டு இஞ்ச ஓடி வந்தனாங்கள்?" எனக்குப் பதில் வரவில்லை. வீட்டில் இரும்புப் பெட்டி வாங்கிப் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன் அக்கா என்றேன். திறப்பு ஆரிட்ட? என்று கேட்டா. அது நான் யோசிக்காத கேள்வி.

பெட்டி வாங்கியாயிற்று. இரண்டு திறப்பில் ஒன்று அக்காவிடம் இருக்கிறது. லைற்றும் போட்டாயிற்றாம், ஆனால் பிழையான பக்கத்தில்.

ஆறு அங்குலத் துண்டை வீட்டுக்காரி எடுத்துக்கொண்டா. மோர்மிளகாய் காயப்போடும் துணி காற்றுக்குப் பறக்காமல் மூலையில் வைக்கிறா. எட்டரை அங்குலத் துண்டைப் போன கிழமை சுன்னாகத்திலிருந்து வந்த ஒருவருக்கு உழவு மெஷின் பெட்டி கொழுவும் ஊசியாகக் கடைந்து கொடுத்துவிட்டேன். 1,200 ரூபாய்.