ஒஃபிஷியஸ்

கொழும்பிலிருந்து திருகோணமலையில் எங்கள் கந்தோருக்கு வந்துபோன மேலதிகாரி, என்னோடு வேலை செய்யும் தம்பியைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "சுறுசுறுப்பானவர், சற்று ஒஃபிஷியஸ் (officious)." தம்பி அதை என் மேசைக்குக் கொண்டுவந்தான்.

"அக்கா, இது நல்ல சொல்லா?"

"கடமையில கண்ணா இருக்கிற ஆள் எண்டு அர்த்தம்."

சந்தோஷமாகப் போய்விட்டான்.

நான் சொன்னது பொய் இல்லை. லத்தீனில் ஒஃபிசியம் என்றால் கடமை, பிறருக்குச் செய்யும் உதவி. அதிலிருந்து பிறந்த இந்தச் சொல் ஆங்கிலத்திலும் முதலில் நல்ல சொல்தான். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதியில் அன்போடு உதவுவது முதல் பொருள். வலியப்போய்த் தலையிடுவது இரண்டாவது. லண்டனில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த நண்பர் ரொபர்ட் லெவெட் 1782இல் இறந்தபோது, ஜோன்சன் இரங்கற்பாவில் அவரைப் புகழவே இதே சொல்லைப் போட்டார்.

இன்று அப்படி யாரும் எழுதுவதில்லை. கையிலுள்ள துளி அதிகாரத்தை வைத்துக்கொண்டு தேவையில்லாத இடத்திலும் சட்டம் பேசுகிறவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். மேலதிகாரி நினைத்தது இதைத்தான். எனக்கும் அது தெரியும்.

சரி, அவர் எழுதியது அநியாயமா? அப்படியும் சொல்ல வரவில்லை. மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு வயதான அம்மாவை, விதானையாரின் (கிராம அலுவலரின்) கையெழுத்து இல்லை என்று இவன் திருப்பி அனுப்பினான். ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நாலேகாலுக்குக் கந்தோர் மூடிய பிறகும் இருந்து, எழுதத் தெரியாத சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவனும் இவன்தான். அகராதியின் இரண்டு பொருளும் இவனுக்குப் பொருந்தும். மேலதிகாரி கண்டது ஒன்றை.

அப்படியானால் இரண்டையும் நான் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் முதலாவது அவன் காதில் ஏறியிருக்காது. இல்லை, இரண்டாவது ஏறியிருந்தால் அடுத்த அம்மாவுக்காவது அலைச்சல் மிச்சமாகியிருக்குமோ? கெட்ட செய்தி என் வாயால் போகக்கூடாது என்றுதான் லத்தீன் வரைக்கும் ஓடினேனோ என்றும் படுகிறது.

பிறகு பதவி உயர்வு விண்ணப்பத்தை டைப் செய்யச் சொல்லித் தந்தான். தன்னைப் பற்றி எழுதும் இடத்தில் முதல் சொல்லே ஒஃபிஷியஸ். பழைய பொருளை நான் உண்மையாக நம்பியிருந்தால் அப்படியே விட்டிருக்க வேண்டும். எடுத்துவிட்டேன்.

"ஏன் அக்கா?"

"இடம் காணாது தம்பி."

"அரைவாசிப் பக்கம் சும்மா கிடக்குதே" என்றான். ஒரு கையெழுத்துக் குறைந்தாலே கண்டுபிடிக்கிறவன், இதை விடுவானா?