பழைய தழும்பிலிருந்து வந்த குடலடைப்பு: அம்மாவுக்கு நடந்த அறுவை சிகிச்சை

என் அம்மாவுக்குத் திடீரென்று வந்த குடலடைப்புக்குக் காரணம், பல ஆண்டுகளுக்கு முன்பு செய்துகொண்ட கர்ப்பப்பை அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொன்னபோது எங்கள் வீட்டில் ஒருவராலும் நம்ப முடியவில்லை. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பின் உள்ளே புண் ஆறும்போது நார் போன்ற திசு உண்டாகி, குடலைப் பக்கத்துக் குடலோடோ வயிற்றுச் சுவரோடோ ஒட்டவைத்துவிடுவது உண்டு. பலருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் வருவதில்லை; சிலருக்கு எத்தனையோ வருடம் கழித்து, அந்த ஒட்டு குடலை இறுக்கி வழியை அடைத்துவிடுகிறது. சிறுகுடல் அடைப்புக்கு முதன்மையான காரணமே இதுதான். குடலிறக்கம் (ஹெர்னியா), குடல் முறுக்கு, கட்டி, குடல் காசநோய், குழந்தைகளுக்கு வரும் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்வது) ஆகியவையும் காரணமாகலாம்.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் அம்மா முதலில் வாயுப் பிடிப்பு என்றுதான் நினைத்தார். வலி விட்டுவிட்டு முறுக்கியது, குடித்த தண்ணீரும் தங்காமல் பச்சையாக வாந்தியானது, வயிறு உப்பியது, மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. விளக்கெண்ணெய் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அத்தை அக்கறையோடு சொன்னார், ஆனால் அம்மா எதையும் விழுங்கும் நிலையில் இல்லை. அது நல்லதாகப் போயிற்று. வழி அடைபட்ட குடலைப் பேதி மருந்தால் தூண்டினால் வலி கூடுவதோடு, குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் உண்டு என்று பிறகுதான் அறிந்தோம்.

வேலூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் டியூட்டி டாக்டர் பார்த்த முதல் இடம் தொப்புளுக்குக் கீழிருந்த பழைய தழும்பு. குடலிறக்கம் இருக்கிறதா என்று தொடை இடுக்கையும் தொட்டுப் பார்த்தார். நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில், உப்பிய குடலுக்குள் நீரும் காற்றும் தனித்தனியே நின்று படிக்கட்டு போலக் கோடுகள் தெரிந்தன. சிடி ஸ்கேன் அடைப்பு எந்த இடத்தில் என்பதைக் காட்டியது.

உடனே ஆபரேஷன் என்றுதான் எதிர்பார்த்தோம், செய்யவில்லை. வாய்வழி எதுவும் கூடாது என்று நிறுத்தி, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, டிரிப் ஏற்றி, சிறுநீரை அளக்க இன்னொரு குழாய் வைத்தார்கள். நம் செரிமானப் பாதையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7 முதல் 8 லிட்டர் நீர் சுரக்கிறது. பெரும்பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அடைப்பு வந்தால் அது உள்ளேயே தேங்கி, உடம்பின் நீரும் பொட்டாசியமும் குறைந்துவிடும் என்பதால், அவற்றை ஈடுசெய்வதே சிகிச்சையின் முதல் பாதி. ஒட்டினால் வரும் அடைப்பு, குடலுக்கு ரத்த ஓட்டம் கெடாதவரை, பலருக்கு இப்படியே விலகிவிடுவதால் 72 மணி நேரம் வரைகூடக் காத்திருப்பார்களாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சும்மா படுக்கவைத்திருப்பது போலத் தோன்றும். ஆனால் சிஸ்டர்கள் மூக்குக் குழாய் வழியாகப் பையில் இறங்கிய பச்சை நீரை அளந்து எழுதியதையும், டாக்டர்கள் திரும்பத் திரும்ப வயிற்றை அழுத்திப் பார்த்ததையும் கண்டபின் என் பதற்றம் ஓரளவு தணிந்தது.

பிறகு வலியின் தன்மை மாறியது. விட்டுவிட்டு வந்தது விடாமல் வலித்தது, நாடித்துடிப்பு ஏறியது, காய்ச்சலும் வந்தது. "இனிமே காத்திருக்கக் கூடாதும்மா, குடலுக்கு ரத்தம் போறது தடைபடுதோன்னு சந்தேகமா இருக்கு" என்றார் அறுவை மருத்துவர். குடலை வெட்டி இணைக்க நேரலாம், தேவைப்பட்டால் மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகமாக வழி வைத்துப் பை பொருத்த நேரலாம் என்று ஒவ்வொன்றாக விளக்கிய பிறகே கையெழுத்து வாங்கினார். அந்தப் பொறுமைக்கு நான் என்றும் நன்றியுடையவள்.

ஆபரேஷன் முடிந்ததும் என்னை அழைத்து, தட்டில் ஒரு சாண் அளவு குடலைக் காட்டினார்கள்; நாவல்பழ நிறத்தில் கறுத்திருந்தது. கயிறு போன்ற ஒரே ஒரு ஒட்டு இறுக்கியிருந்ததாம். அதை வெட்டி விடுவித்து, வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியால் குடலை மூடிக் காத்திருந்து, நிறமும் அசைவும் திரும்புகின்றனவா என்று பார்த்திருக்கிறார்கள். திரும்பிய பகுதியைக் காப்பாற்றி, திரும்பாததை மட்டும் வெட்டி எடுத்து இரு முனைகளையும் தைத்து இணைத்திருக்கிறார்கள். பை வைக்கத் தேவைப்படவில்லை.

அதன்பின் ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் ஒரே கேள்விதான்: "காத்து பிரிஞ்சுதாம்மா?" அம்மாவுக்கு முதலில் பதில் சொல்லவே கூச்சமாக இருந்தது, பிரிந்த அன்று அவரே சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். குடல் மறுபடி இயங்கத் தொடங்கியதற்கு அதுவே அடையாளம் என்பதால், மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, கரண்டி கரண்டியாகத் தண்ணீர், பிறகு கஞ்சித் தண்ணீர், அதன்பின் குழைந்த சாதம் என்று படிப்படியாகக் கொடுத்தார்கள்.

இந்த அறுவை சிகிச்சையாலும் புதிய ஒட்டுகள் உண்டாகலாம் என்பதை டாக்டர் மறைக்காமல் சொன்னார். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை அம்மாவின் ஆதார் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறோம். முறுக்கும் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், எந்த ஊரில் இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.