சாயத் தொட்டிக்கு வைஃபை கன்ட்ரோலர் வைத்த கதை

சுங்குடிப் புடவைக்கு மஞ்சிட்டி வேரில் சிவப்பு ஏற்றுவதில் பாதி வேலை சூடு பார்ப்பதுதான். 60 முதல் 70 டிகிரிக்குள் நின்றால் நல்ல சிவப்பு வரும், கொதித்துவிட்டால் பழுப்பு ஏறும். மதுரை கைத்தறி நகரில் இயற்கைச் சாயம் போடும் அக்கா ஒருவர் விறகடுப்பை விட்டுக் கரண்டுக்கு மாறினார். "மாடில முடிச்சுப் போட்டுக்கிட்டே கீழ சூடு எவ்வளவுன்னு பாக்கணும், ஒரு வழி பண்ணு தம்பி" என்றார்.

தேடினால், இந்த வேலையை நன்றாகச் செய்து வைத்திருப்பவர்கள் வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள். நம்மூரில் அதற்குச் சட்டம் இடம் தராது. ஆனால் அவர்கள் முளைகட்டிய பார்லியை ஒரு மணி நேரம் ஊறவைக்கும் சூடு 65 முதல் 68 டிகிரி, நமக்கு வேண்டியதும் அதே அளவுதான்! இதற்காகவே கிராஃப்ட்பீர்பை போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எனக்கு, வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டான இஎஸ்பி32 ஒன்றே போதுமானதாக இருந்தது.

அண்டா எவர்சில்வர், 30 லிட்டர். இரும்பு ஆகாது, சிவப்பைக் கறுக்க வைத்துவிடும். தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட் 2000 வாட். 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கும் தடித்த வயரும் போட்டோம். தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 65க்கு ஏற, கணக்குப்படி 40 நிமிடம். மூடி போட்டால்தான் அதை ஒட்டி வரும்.

வைஃபை விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். எலிமெண்டைப் போடுவதா, நிறுத்துவதா என்பதைப் போர்டுதான் முடிவு செய்ய வேண்டும். போன் பார்ப்பதற்கும் சூட்டைக் கூட்டிக் குறைப்பதற்கும் மட்டும். ரவுட்டர் நின்றாலும் அண்டா அதே சூட்டில் நிற்கிறது. கரண்ட் போய் வந்தால் மட்டும் தானாக ஓடாது, கையால் பட்டனை அழுத்த வேண்டும். இடையில் தண்ணீர் குறைந்து எலிமெண்ட் வெளியே தெரிந்தால் எரிந்து போகும், அதனால்தான்.

சூட்டை அளக்கும் சென்சார் டிஎஸ்18பி20. இதற்கு ஒரு குணம் உண்டு: கரண்ட் கொடுத்ததும், அளக்கத் தொடங்கும் முன் 85 டிகிரி என்று காட்டும். எங்கள் அண்டாவிலும் திடீர் திடீரென்று 85 வந்தது. வயர் இணைப்பு ஆடி, சென்சாருக்குக் கரண்ட் விட்டு விட்டு வந்திருக்கிறது. இணைப்பைப் பற்றவைத்து, திடீரென வரும் 85ஐத் தள்ளிவிடும்படி நிரலிலும் சேர்த்தேன்.

அப்புறம் ரிலே, அதாவது போர்டு சொல்கிறபடி எலிமெண்டுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச். சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். போனில் எத்தனை தடவை நிறுத்தினாலும் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் போர்டை நம்பாமல் தானே சூட்டைப் பார்த்து வேலை செய்யும் தனி தெர்மோஸ்டாட் ஒன்று 80 டிகிரியில் லைனை வெட்டுகிறது. ஈரக் கையோடு செய்யும் வேலை இது. கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் யாரும் இதைத் தொடாதீர்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதிலாவது குறையுங்கள்.

இப்போது மிச்சம் இருப்பது எலிமெண்டில் படியும் வெள்ளை. எங்கள் போர் தண்ணீரின் சுண்ணாம்பு மஞ்சிட்டிச் சிவப்புக்கு நல்லது, எலிமெண்டுக்கு ஆகாது. படிந்ததும் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுகிறோம்.