10 மில்லி கட்டர்

"சார், 6 மில்லி கட்டர் உடைஞ்சு போச்சு. 10 மில்லிதான் கையில இருக்கு. அந்தக் கீழ் மூலையில கூட ரெண்டு மில்லி பித்தளை நிக்கும். ஓட்டிடவா?"

பட்டறையிலிருந்து வந்த போன். புற்றுநோய்க்கான புரோட்டான் கதிர் சிகிச்சைக்குத் திட்டம் போடுவது என் வேலை. கதிரைக் கட்டியின் வடிவத்துக்குள் மட்டும் விடும் திறப்புள்ள பித்தளைத் துண்டை, அதாவது அப்பர்ச்சரை, நான் வரையும் கோட்டின்படி வெட்டித் தருவது பட்டறை அண்ணன் வேலை. "கொஞ்சம் பொறுங்க, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, இருபது நிமிடம் கழித்து நானே கூப்பிட்டு "ஓட்டிடுங்க அண்ணே" என்றேன். அந்த இருபது நிமிடத்தை இதுவரை எத்தனை தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

அது மண்டையோட்டின் அடித்தளத்தில் இருந்த கார்டோமா என்ற எலும்புப் புற்றுக்கட்டி. கட்டி மூளைத்தண்டின் மேல் சாய்ந்திருந்தது. அதன் ஒரு நாக்கு தண்டை ஒட்டியே கீழே இறங்கியிருந்தது. கார்டோமாவுக்கு 70 கிரேக்கு (கதிர் டோஸின் அலகு) மேல் கொடுத்தாக வேண்டும். தண்டின் மேற்பரப்பு தாங்குவது அதைவிடக் குறைவு. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடம்தான். அப்பர்ச்சர் வரைவதன் பாடெல்லாம் அந்த இடத்தில்தான்.

மென்பொருள் தன் பங்கைச் சரியாகவே செய்யும். கதிர் வரும் திசையிலிருந்து கட்டியைப் பார்த்து, அதன் நிழலைச் சுற்றி நாம் சொல்லும் மார்ஜினோடு, அதாவது கூடுதல் இடைவெளியோடு, ஒரு கோடு போட்டுத் தரும். நான் 8 மில்லி கொடுத்திருந்தேன். தண்டு இருக்கும் பக்கம் அந்த மார்ஜின் ஆகாது. புள்ளி புள்ளியாகப் பிடித்துக் கையால் உள்ளே இழுக்க வேண்டும். இழுத்தேன். நாக்கு இறங்கும் இடத்தில் திறப்பு குறுகிக் குறுகி, ஏறக்குறைய 60 டிகிரியில் ஒரு கூர் மூலையாக முடிந்தது. முந்தின நாள் டாக்டர் திரையில் அதே இடத்தில் விரலை வைத்து, "மத்த இடம் எப்படியோ, இந்த மூலையை மட்டும் விட்டுக் கொடுத்துடாதீங்க" என்றார். "மாட்டேன் டாக்டர்" என்றேன்.

சுழலும் கட்டரால் கூர் மூலை வெட்ட முடியாது. கட்டரின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு வட்டம் மூலையில் விழும். 60 டிகிரி மூலை என்றால் முனையிலிருந்து ஆரத்தின் அளவுக்கே பித்தளை மிஞ்சும். 6 மில்லி விட்டமுள்ள கட்டருக்கு 3 மில்லி, 10 மில்லி கட்டருக்கு 5 மில்லி. இது மென்பொருளுக்கும் தெரியும். கருவி விட்டம் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் உள்ள எண்ணை வைத்து மூலைகளை அதுவே உருட்டிக்கொள்ளும். அந்தப் பெட்டியில் எப்போதும் 6தான். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.

போனை வைத்ததும் அந்த 6-ஐ 10 ஆக்கி டோஸை மறுபடி கணக்கிட்டேன். கட்டியில் 95 சதவீத டோஸ் பெறும் பகுதி அரை சதவீதம்கூடக் குறையவில்லை. எங்கள் வரம்புக்குள்தான் இருந்தது. தண்டுக்கு இன்னும் நல்லதாகவே இருந்தது. மறுநாள் காலை முதல் சிகிச்சை. புது கட்டர் மறுநாள் சாயங்காலம்தான் வரும். சரி என்றேன்.

எனக்காகப் பேச என்னிடம் நிறைய இருக்கிறது. அந்தத் திட்டத்தில் மூன்று கதிர்கள். மூன்றுக்கும் தனித்தனி பித்தளை, கதிர் போகும் ஆழத்தைக் கட்டிக்கு ஏற்பச் சரிசெய்யும் தனித்தனி கம்பென்சேட்டர். ஒன்றில் விட்டது மற்ற இரண்டில் ஓரளவு ஈடாகும். நோயாளியைப் படுக்க வைத்து நிலைப்படுத்துவதிலேயே ஒன்றிரண்டு மில்லி முன்பின் ஆகும் என்று வைத்துத்தான் மார்ஜினே போடுகிறோம். கார்டோமா இருக்கிறவரை ஒரு நாள் தள்ளிப் போடுவதும் சும்மா இல்லை. மயக்க மருந்து வேண்டாத நோயாளிதான், ஆனாலும் அவர் அந்தத் தேதிக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்.

இத்தனையும் உண்மை. ஆனால் மார்ஜின் என்பது நோயாளி அசைவதற்காக ஒதுக்கி வைத்தது. கட்டர் உடைந்ததற்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு யார் அனுமதி தந்தது? அதோடு அந்த அரை சதவீதம் எனக்கு எதைக் காட்டியது என்பதும் உறுத்துகிறது. அது கட்டி முழுவதுக்கும் சேர்த்த எண். எங்கே குறைந்தது என்று அது சொல்லாது. கட்டி பெரியது, நாக்கு சின்னது. நாக்கின் நுனி முழுதாகப் பட்டினி கிடந்தாலும் மொத்தக் கணக்கில் அது தெரியவே தெரியாது. விளிம்பில் டோஸ் செங்குத்தாக இறங்கும் இடத்தில் (பெனும்பிரா என்போம்) ஒரு மில்லி நகர்ந்தால் சுமார் 10 சதவீத டோஸ் போகும். படத்தைத் திறந்து அந்த மூலையைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தேன் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன், அழித்துவிட்டேன். எண்ணைப் பார்த்த பிறகுதான் படத்தைப் பார்த்தேன். அதற்குள் மனம் சரி சொல்லி முடித்திருந்தது.

வெட்டி வந்த பித்தளையை, ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்செடுத்த கோட்டின் மேல் வைத்துச் சரிபார்ப்போம். சுற்றி எல்லா இடமும் கச்சிதம். கீழ் மூலையில் மட்டும் கோடு பித்தளைக்கு அடியில் போய் மறைந்தது. படிவத்தில் "மூலையில் கருவி ஆரம், மறுகணக்கீடு வரம்புக்குள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் படிவம் டாக்டர் மேசைக்குப் போகாது என்பதும் எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் சிகிச்சை முடிந்த பிறகு அவரிடம் சொன்னேன். மறுகணக்கீட்டையும் காட்டினேன். எண்களை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "அந்த மூலையா?" என்றார். "ஆமாம் டாக்டர்." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இப்படியே போகட்டும்" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் என் பக்கத்து நியாயத்தை எல்லாம் எடுத்து வைத்திருப்பேன்.

ஒரு மாதம் கழித்து, வேறு ஏதோ வேலையில் இருந்தபோதுதான் அது உறைத்தது. புது கட்டர் மறுநாளே வந்துவிட்டது. முதல் நாள் மட்டும் இந்தப் பித்தளையை வைத்துவிட்டு, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ புதிதாக வெட்டி மாற்றியிருக்கலாம். சிகிச்சையும் தள்ளிப் போயிருக்காது, மூலையும் போயிருக்காது. அவ்வளவு சுலபமான வழி. டாக்டரிடம் சொன்ன நான்காம் நாளில்கூட எனக்கோ அவருக்கோ தோன்றவில்லை. வரம்புக்குள் என்று ஒரு எண் வந்ததும் விஷயம் எனக்கு முடிந்துபோயிருந்தது. என் கையில் வந்து முடிந்ததால் அவரும் முடிந்ததாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும். இதுவரை எடுத்த ஸ்கேன்களில் வளர்ச்சி இல்லை. கார்டோமா பல வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. திரும்பினாலும் அந்த இரண்டு மில்லியால்தான் என்று சொல்ல முடியாது, திரும்பாவிட்டால் நான் செய்தது சரி என்றும் ஆகாது.

கட்டியை மெல்லிய கதிரால் புள்ளி புள்ளியாக நிரப்பும் ஸ்கேனிங் கதிர் வந்த பிறகு பித்தளை குறைந்துவிட்டது. ஆனாலும் ஆழம் குறைந்த கட்டிகளில், ஆற்றல் குறையக் குறையப் புள்ளி அகன்று விளிம்பு மங்குவதால், அங்கே அப்பர்ச்சர் இன்னும் வேண்டியிருக்கிறது. இப்போது கோடு போடும் முன்பே பட்டறைக்கு போன் பண்ணி என்ன கட்டர் இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன். கூர் மூலை வராதபடியே வரைகிறேன்.

போன வாரம் அண்ணன் சொன்னார்: "இப்பல்லாம் உங்க வேலை ஒரே ஓட்டத்துல முடிஞ்சிடுது சார். போன் பண்ணவே வேண்டியதில்ல."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அன்று ராத்திரி உட்கார்ந்து, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் வரைந்த பிளான்களில் ஏழைத் திறந்து பார்த்தேன். ஐந்தில் மூலைக்கே அவசியம் இருக்கவில்லை. மற்ற இரண்டில், கட்டி போகும் இடம்வரை நான் கோட்டைக் கொண்டு போயிருக்கிறேனா, கட்டர் போகும் இடம்வரை மட்டும் போய் நின்றுகொண்டேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இரண்டின் நகலையும் எடுத்து வைத்திருக்கிறேன், டாக்டரிடம் காட்ட.