தைப்பூசப் பாட்டுப் புத்தகத்துக்கு இண்டென்ட் வைத்த கதை

ரோஸ் ஹில்லில் எங்கள் கோவிலின் மாலை வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மொரிஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம், மாலைதோறும் கூட்டாகப் பாட்டு. அதற்கென்று போடும் சிறு புத்தகத்தைத் தயார்செய்யும் வேலை இந்த முறை என்னிடம் வந்தது.

பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த உள்ளூர் மொழி. அதனால் ஒவ்வொரு பாட்டும் மூன்று அடுக்காக இருக்கும்: தமிழில் பாட்டு, கீழே பிரெஞ்சு எழுத்தில் உச்சரிப்பு, அதற்கும் கீழே பிரெஞ்சில் பொருள். பழைய கோப்பு ஏ4 தாளுக்குச் செய்தது. ஊர்வலத்தில் கையில் வைத்துக்கொண்டு நடக்க ஏ5 வசதி என்று தாள் அளவை மாற்றி, ஒரு பிரதி அச்செடுத்து, சரிபார்க்காமலே ஒத்திகைக்குக் கொண்டுபோனேன்.

நீளமான ஓர் அடியின் கடைசி இரண்டு சொற்கள் கீழே மடங்கியிருந்தன. அவை இடது ஓரத்திலேயே, புது அடி தொடங்குவது போல நின்றன. பத்து வயதுப் பெண் ஒருத்தி அதற்கு முன்னால் மூச்சு வாங்க நிறுத்தினாள். பக்கத்துப் பிள்ளைகளும் நிறுத்தினார்கள். தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் கையை எடுத்துவிட்டார். "மிஸ், இங்கேதானே வரி முடியுது?" என்று விரலை வைத்துக் காட்டினாள். அவள் மேல் தப்பே இல்லை. தாள் அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது.

அன்று இரவே வேர்டில் கோப்பைத் திறந்தேன். ஹோம் பகுதியில், ஆங்கிலப் பி எழுத்தைத் திருப்பிப் போட்டது போல ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் ஸ்பேஸ் எல்லாம் புள்ளியாகவும் டேப் அம்புக்குறியாகவும் தெரியும். பார்த்தால் ஒரு பாராவின் தொடக்கத்தில் 7 புள்ளி, அடுத்ததில் 5, அதற்கடுத்ததில் ஒரு அம்பு. சில இடங்களில் அடியின் நடுவில் என்டர் தட்டி, அப்புறம் ஸ்பேஸாகவே அடித்து உள்ளே தள்ளியிருந்தார்கள். இப்படிச் செய்தால் அந்தத் தாளில், அந்த எழுத்துருவில் மட்டும்தான் நிற்கும். ஸ்பேஸின் அகலம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறுமே.

முதலில் சுத்தம் செய்தேன். ரீப்ளேஸ் பெட்டியில் 'மோர்' அழுத்தினால் கீழே 'ஸ்பெஷல்' என்ற பட்டியல் வரும். தேடும் இடத்தில் அதிலிருந்து பாராகிராஃப் மார்க், அதை ஒட்டியே ஒயிட் ஸ்பேஸ். மாற்றும் இடத்தில் பாராகிராஃப் மார்க் மட்டும். பாராக்களின் தலையில் இருந்த புள்ளிகளும் அம்புகளும் ஒரே தட்டில் போயின. அடி நடுவில் தட்டிய என்டர்களை மட்டும் பாட்டைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கையால் எடுக்க வேண்டும். அதற்குத்தான் நேரம் பிடித்தது.

வரியை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைப்பதுதான் இண்டென்ட். பாராகிராஃப் பெட்டியின் இண்டென்டேஷன் பகுதியில் அதற்கு இரண்டு வகை இருக்கிறது. 'ஃபர்ஸ்ட் லைன்' முதல் வரியை மட்டும் உள்ளே தள்ளும். 'ஹேங்கிங்' முதல் வரியை ஓரத்தில் விட்டு, மடங்கி வருவதை எல்லாம் உள்ளே தள்ளும். பாட்டுக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான். மடங்கிய சொற்கள் உள்ளே நின்றால், அடி இன்னும் முடியவில்லை என்று பிள்ளைக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஆனால் முதல் முயற்சி கெட்டுப்போனது. நாலடிப் பாட்டில் முதல் அடி மட்டும் ஓரத்தில் நின்றது, மற்ற மூன்றும் உள்ளே போய்விட்டன. அரை மணி நேரம் திகைத்த பிறகுதான் காரணம் புரிந்தது. அடிகளுக்கு இடையே இருந்தது என்டர் இல்லை, ஷிஃப்ட்டோடு தட்டிய என்டர். அது வரியைத்தான் உடைக்கும், பாராவை உடைக்காது. நாலு அடியும் சேர்ந்து வேர்டுக்கு ஒரே பாரா. அதே ஸ்பெஷல் பட்டியலில் 'மேனுவல் லைன் பிரேக்' இருக்கிறது. அதைத் தேடிப் பாராகிராஃப் மார்க்காக மாற்றியதும் ஒவ்வொரு அடியும் தன் இடத்துக்கு வந்தது. பாட்டு பக்கத்தின் நடுவில் துண்டாகாமல் இருக்க 'கீப் வித் நெக்ஸ்ட்' போட்டேன்.

அளவையும் கவனிக்க வேண்டும். வேர்ட் தானாகக் கொடுப்பது அரை அங்குலம், அதாவது 1.27 செ.மீ. இருபுறமும் 1.5 செ.மீ. விட்டால் ஏ5 தாளில் எழுத்துக்கு மிஞ்சும் அகலம் 11.8 செ.மீ. அதில் 1.27 ரொம்ப அதிகம். பாட்டுக்கு 0.8 ஹேங்கிங், பொருளுக்கு 0.5 ஃபர்ஸ்ட் லைன், உச்சரிப்பு முழுவதும் இடமிருந்து 0.8 உள்ளே என்று வைத்தேன். ரூலரில் உள்ள முக்கோணங்களை இழுத்தும் செய்யலாம், எனக்கு எண்ணை அடிப்பதில்தான் நம்பிக்கை. மூன்றையும் 'பாட்டு', 'உச்சரிப்பு', 'பொருள்' என்று ஸ்டைல்களாகச் சேமித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பாட்டின் 0.8-ஐ 0.7 ஆக்க நினைத்தபோது ஒரே இடத்தில்தான் கை வைக்க வேண்டியிருந்தது.

அச்சகத்துக் கம்ப்யூட்டரில் வேர்ட் பிரெஞ்சில் இருந்தது. அங்கே இண்டென்டுக்குப் பெயர் 'ரெத்ரே'. பெட்டியின் அமைப்பு ஒன்றுதான் என்பதால் எண்களைச் சரிபார்ப்பது சிரமமாக இல்லை. அச்சுக்கு மட்டும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தேன்.

அடுத்த ஒத்திகையில் அதே பெண், அதே பாட்டு. நீளமான அடி வந்ததும் அவள் விரல் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த இரண்டு சொற்களுக்கு அப்படியே நகர்ந்தது. முடித்துவிட்டுத்தான் மூச்சு வாங்கினாள். பெரியவர் தாளத்தை விடவில்லை.